உலாவி கேட்கும் மொழியும் வழங்கி தரும் பக்கமும்

உலாவி ஒரு வலைப்பக்கத்தைக் கேட்கும்போது, படிப்பவருக்கு வேண்டிய மொழியையும் வழங்கிக்குத் தெரிவிக்கிறது. ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்னும் தலைப்புக் குறிப்பு இதற்கானது. தமிழ் 1, தெலுங்கு 0.8, ஆங்கிலம் 0.5 என, 0 முதல் 1 வரையிலான எண்களால் விருப்பத்தின் வரிசையையும் அதில் சொல்லலாம். 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 நெறிமுறையிலும், 2022இல் வெளியான ஆர்எப்சி 9110 ஆவணத்திலும் இது இடம்பெற்றுள்ளது.

பல தளங்கள் இக்குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஐபி முகவரியிலிருந்து ஊரை ஊகித்து, அதற்கேற்ப மொழியைத் தீர்மானிக்கின்றன. இம்முறை பிழையானது என்பதற்கு வடசென்னையே சான்று. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் தமிழ், தெலுங்கு, உருது பேசுவோரும் வடமாநிலத் தொழிலாளர்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். துறைமுகத்திற்கு வெளிநாட்டு மாலுமிகளும் வருகின்றனர். ஐபி முகவரி ஒருவர் இருக்கும் இடத்தைக் காட்டலாம். அவர் படிக்கும் மொழியைக் காட்டாது.

தலைப்புக் குறிப்பை மட்டும் நம்புவதும் போதாது. கைப்பேசியை ஆங்கில அமைப்பிலேயே வைத்திருப்போர் பலர். அவர்களின் உலாவி ஆங்கிலத்தையே கேட்கும். தமிழ்வழியில் படிக்கும் மாணவர் ஆங்கிலப் பக்கத்தைக் கண்டதும், தமிழ்ப் பதிப்பு இல்லை என்றே எண்ணிவிடுவார். உழைத்து உருவாக்கிய பக்கம் படிக்கப்படாமலே கிடக்கும். எனவே ஒவ்வொரு பக்கத்திலும் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதிய இணைப்பு வேண்டும். கூகுளின் இந்திய முகப்பில் மொழிப்பெயர்கள் அவ்வாறே அந்தந்த எழுத்தில் தரப்பட்டுள்ளன.

ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் தனி முகவரியும் தேவை. கூகுளின் தேடுபொறி நிரல் பக்கங்களைத் திரட்டும்போது மொழிக் குறிப்பை அனுப்புவதில்லை. ஒரே முகவரியில் மொழியை மாற்றித் தரும் தளத்தின் தமிழ்ப் பக்கம் அதன் கண்ணில் படாமலே போகலாம். அப்படி மாற்றித் தருவதாயின், விடையில் ‘வேரி’ என்னும் தலைப்புக் குறிப்பைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், இடையிலுள்ள கேச் வழங்கி ஒருவருக்காகச் சேமித்த ஆங்கிலப் பக்கத்தைத் தமிழ் கேட்டவருக்கும் கொடுத்துவிடும்.

கேட்ட மொழி இல்லையென்றால் 406 என்னும் பிழை எண்ணை அனுப்ப நெறிமுறை இடம் தருகிறது. குறிப்பைப் புறக்கணித்து, இருப்பதைத் தரவும் இடம் தருகிறது. இரண்டாவதே படிப்பவருக்குப் பயன்படும். வெறும் பிழைச் செய்தியால் யாருக்கும் நன்மை இல்லை.

ஆகவே வழங்கி பின்பற்ற வேண்டிய வரிசை இது: முதலில் படிப்பவர் தாமே தேர்ந்தெடுத்த மொழி, அடுத்து உலாவி அனுப்பும் குறிப்பு, இறுதியில் தளத்தின் இயல்பு மொழி. ஐபி முகவரிக்கு இவ்வரிசையில் இடமில்லை.