எதிரொலிக்குத் தும்பு, மழைக்கு என்ன?

2012 ஒக்ரோபரில் பயனாளிகளே கட்டும் முறையில் விரிந்த இந்திய வீட்டுத்திட்டம், இலங்கையின் வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய் கொடுத்தது. வன்னிக்கும் அதில் பெரும் பங்கு. ஏறத்தாழ 550 சதுர அடிக்குள் அறைகள், கூடம், குசினி. சீமெந்துக் கல், சீமெந்துப் பூச்சு, சீமெந்து நிலம். பழைய மண்சுவரும் கிடுகும் விழுங்கிக்கொண்ட சத்தத்தை இந்தச் சுவர்கள் திருப்பி எறிகின்றன. போனில் வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கும், வீட்டிலேயே குரல்பதிவு செய்யும் இளைஞனுக்கும் இது உடனே தெரிந்துவிடும். மலிவான ஒலியுறிஞ்சிப் பலகைகளைத் தாங்களே செய்யலாமா என்று அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் எந்தச் சத்தத்துக்கு என்று முதலில் பிரித்துக் கேட்க வேண்டும்.

அறைக்குள் பிறந்து அறைக்குள்ளேயே சுற்றும் எதிரொலியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1890களில் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் மோசமான விரிவுரை மண்டபம் ஒன்றைத் திருத்தப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி அளந்தே தன் சூத்திரத்தைக் கண்டார். கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வரும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி, எல்லாப் பக்கமும் பூசிய வெற்று அறை என்றால் கன அளவு சுமார் 28 கன மீற்றர். பரப்புகள் நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சினால் நேரம் 2.7 செக்கன். பேச்சுக்கு அரைச் செக்கன் அளவே நல்லது. இரண்டடிக்கு நான்கடி நல்ல பலகை நான்கு மாட்டினால் ஒரு செக்கனுக்குக் கிட்ட வந்துவிடும். சிறிய அறையில் இந்தக் கணக்கு அண்ணளவுதான். என்றாலும் கட்டில் மெத்தையும் கொடியில் தொங்கும் உடுப்பும் சேர்ந்தால் மிச்சம் இன்னும் குறையும்.

சபைன் உறிஞ்சலை அளந்த அலகு திறந்த யன்னல்: வெளியே போன ஒலி திரும்பி வராது. ஒரு சதுர மீற்றர் யன்னலைத் திறந்தாலே 2.7 செக்கன் 1.7 ஆகிவிடும், ஒரு சதமும் செலவில்லை. வன்னி வெயிலில் யன்னல் எப்படியும் திறந்துதான் கிடக்கிறது. ஆகவே, உழவு இயந்திரமும் கோயில் ஒலிபெருக்கியும் உள்ளே வராமல் யன்னலைச் சாத்த வேண்டியவருக்குத்தான் பலகை உண்மையில் தேவை.

எதில் செய்வது? முட்டைத் தட்டு வேண்டாம். மெல்லிய காகிதக்கூழ், கீச்சென்ற மேல்சத்தத்தைக் கொஞ்சம் மழுக்குமே தவிர குரலின் கனத்தைத் தொடாது. ரெஜிபோம் அடைத்த குமிழிகளால் ஆனது, காற்று புகாத பொருளுக்குள் ஒலியும் புகுந்து களைக்காது. மெத்தை ஸ்பொஞ்ச் உறிஞ்சும், ஆனால் தீப்பிடித்தால் நச்சுப்புகை. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இரவு விடுதி ஒன்றின் சுவரில் ஒட்டிய பொலியூரெத்தேன் ஸ்பொஞ்சில் பற்றிய தீ 100 பேரைக் கொன்றது. குப்பி விளக்கும் நுளம்புத்திரியும் எரியும் வீட்டில் அதைச் சுவர் முழுக்க ஒட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைக்கல் சும்மா கிடைக்கும். எலியும் கறையானும் அதைவிடச் சும்மா வரும்.

மிஞ்சுவது தும்பு. 2011இல் வெளியான மலேசிய ஆய்வொன்றில், பசை சேராத தென்னந்தும்பு 2 சென்ரிமீற்றர் தடிப்பில் 1,360 ஹெர்ட்சுக்கு மேல் சராசரி நூற்றுக்கு எண்பது பங்கு ஒலியை உறிஞ்சியது, 4.5 சென்ரிமீற்றரில் அதே அளவு 578 ஹெர்ட்சிலிருந்தே கிடைத்தது. பசையிட்டு அழுத்திய ஆலைத் தும்பு கீழ்ச்சத்தங்களில் பின்தங்கியது. கிழிந்த தும்பு மெத்தையைப் பிரித்து உதறி, ரீப்பைச் சட்டத்துக்குள் இரண்டு அங்குலம் நிரப்பி, பழைய சாரத்தால் மூடலாம். துணியில் வாய் வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் வர வேண்டும்; உரப்பையோ ரெக்சினோ கூடாது. சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி மாட்டினால் கீழ்ச்சத்தத்திலும் பிடி கூடும், மாரியில் சுவர் ஈரமும் ஏறாது. தும்பும் எரியும் பொருள்தான். அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் இருக்கட்டும். கூரை அஸ்பெஸ்டாஸ் சீற் என்றால் அதில் துளையிட்டுத் தொங்கவிடக் கூடாது, தூள் நெஞ்சுக்குள் போகும்.

ஆனால் உட்சுவர் கூரையைத் தொடாத வீட்டில், அடுத்த அறைத் தொலைக்காட்சி சுவருக்கு மேலால் வருகிறது. அதற்குத் தும்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே தேவை கனம்: இடைவெளியைக் கல்லால் கட்டிப் பூச வேண்டும், காற்றோட்டம் கொஞ்சம் குறைந்தாலும். தகரத்தில் கொட்டும் ஐப்பசி மழைக்கும் சுவர்ப் பலகை எதிரொலியை மட்டும் கொஞ்சம் தணிக்கும். துளி தகரத்தில் அறையும் முன் தடுக்க வேண்டும். வெக்கைக்காகத் தகரத்தின் மேல் கிடுகு போடுகிறவர்கள் அந்த வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறார்கள். காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கல்லுக்கோ கிடுகுக்கோதான் முதலிடம் கொடுப்பேன். யன்னலைச் சாத்திப் பேச வேண்டியவருக்கு மட்டும் நான்கு தும்புப் பலகை. ஐந்தாவதை, நான்கையும் மாட்டிக் கைதட்டிப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.