தீ எழுதும் கோடு, வெயில் தின்னும் வண்ணம்

நியூ ஜெர்சியின் எடிசனிலும், பே ஏரியாவின் ஃப்ரீமாண்டிலும், டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவிலும் தமிழர் வீட்டுக் கராஜில் செய்யப்படும் மரவேலைகள் என்னென்ன என்று கேட்டால் பதில் சிறியதுதான்: கொலுப்படி, சுவாமி அலமாரி, வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, ஊஞ்சல் பலகை, குழந்தைக்கு ஒரு சின்ன மேசை. இவற்றுக்குத் தேக்கோ பலாவோ கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை ஒத்துவருவதில்லை. ஹோம் டிப்போவில் கையில் அகப்படுவது பைன், அதை விட்டால் பாப்லர். இரண்டும் வெளிறிய, மென்மையான மரங்கள். பைனில் கணுவும் பிசினும் உண்டு. பாப்லரில் பச்சை ஓடிய பட்டைகள் உண்டு. தேக்கு தன்னைத் தானே காட்டிக்கொள்வதுபோல இவை காட்டிக்கொள்வதில்லை. அதனால்தான் சூட்டுக்கோலால் கோலம் வரைந்து, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சாயம் ஏற்றும் பழக்கம் இந்தக் கராஜ்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. சூட்டுக்கோலும் சாயமும் ஒரே அலங்காரத்தின் இரு பாதிகள் என்று கற்பிக்கப்படுகின்றன, விற்கப்படுகின்றன. உண்மையில் இவற்றின் ஆயுள் ஒன்றல்ல. ஆழமாகச் சுட்ட கோடு மரம் உள்ளவரை இருக்கும். சாயம் வெயிலிடம் தவணையில் வாங்கியது. இந்த வேறுபாட்டை மறந்து செய்யப்படும் வேலைதான் ஐந்து ஆண்டில் மங்கிக் கராஜின் மூலைக்குத் திரும்புகிறது.

தீயின் பக்கத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவுக்கு இது புதிதல்ல. ஜே. வில்லியம் ஃபாஸ்டிக் என்ற ஓவியர் 1896-இல் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பெரிய மரப்பலகைகளில் சுட்டே வரைந்தார். அந்தப் படைப்பு இன்றும் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கின் ஃப்ளெமிஷ் ஆர்ட் கம்பெனி போன்றவை பிளாட்டினம் முனையும் பென்சீன் புட்டியும் கொண்ட பெட்டிகளையும், படம் அச்சிட்ட பலகைகளையும் வீடுகளுக்கு விற்றன. கையுறைப் பெட்டி, சட்டம், முக்காலி என்று ஒரு தலைமுறையே சுட்டுத் தள்ளியது. அப்படிச் சுட்ட பொருள்கள் இன்று பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. பலவற்றில் வண்ணம் பூசிய இடங்கள் மங்கிவிட்டன. சுட்ட கோடுகள் மட்டும் தெளிவாக நிற்கின்றன. நூறாண்டு வெயில் பார்த்த இந்தச் சாட்சியத்தைவிட நல்ல சோதனை வேறில்லை. நம் பக்கத்திலும் மரத்தோடு தீ வேலை செய்வது வழக்கம்தான். மூங்கில் புல்லாங்குழலின் துளைகள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டே இடப்படுகின்றன. துளையிடும் இயந்திரம் மூங்கிலைப் பிளந்துவிடக்கூடும், சூடான கம்பி பிளக்காது. அங்கே தீ ஒரு கருவி; அலங்காரத்துக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் சூட்டுக்கோலின் வலிமையே அதன் கண்டிப்பும்கூட. பைன் மரத்தில் வசந்தத்தில் வளர்ந்த பகுதி மென்மை. கோடையின் முடிவில் வளர்ந்த கருத்த வரி கடினம். ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் இழுத்தாலும் மென்மையான இடத்தில் முனை ஆழப் புதைகிறது, கடினமான வரியில் வழுக்கிப் போகிறது. நேர்கோடு விட்டுவிட்டுத் தெரிகிறது. கணுவைத் தொட்டால் பிசின் உருகி முனையில் ஒட்டுகிறது. பாஸ்வுட், மேப்பிள், பிர்ச் போன்ற சீரான மரங்களில் இந்தத் தொல்லை குறைவு. தமிழ் எழுத்தைச் சுடுவோருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஓலையில் எழுத்தாணிக்கு ஏற்றதாக வளைந்த நம் எழுத்துகளில் சுழி அதிகம். சுழியைத் திருப்பும் இடத்தில் கை ஒரு நொடி தயங்கினாலும் அங்கே ஒரு கருந்துளி விழுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மறைந்துபோகும் தயக்கம் ஞ, ஐ, இ போன்றவற்றில் அப்பட்டமாகத் தெரியும். முனையைக் காற்றில் அசைத்து ஆற்றியபின் மரத்தைத் தொடுவதும், ஓட்டத்திலேயே தொட்டு ஓட்டத்திலேயே எடுப்பதும் பழகினால்தான் எழுத்து உயிர்பெறும். இதைக் குறையென்று சொல்லலாம். பழகிய கையையும் பழகாத கையையும் ஒரே பார்வையில் பிரித்துக் காட்டும் கலை என்பதால் இதை நிறை என்றே மதிப்பேன்.

சாயத்தின் கதை வேறு. 1856-இல் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் லண்டனில் கொயினா செய்ய முயன்று ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்த செயற்கைச் சாயங்கள்தான் இன்று மரத்துக்கும் வருகின்றன. பெயின்ட்டிலும் பெரும்பாலான ஸ்டெயினிலும் இருப்பது நிறமித் துகள். அது மரத்தின் மேலேயும் துளைகளிலும் படிகிறது. சாயம் நீரிலோ ஸ்பிரிட்டிலோ முழுக்கக் கரைந்து, இழைக்குள் இறங்கி, மரத்தை மூடாமல் நிறமாக்குகிறது. அலையலையான ரேகை உள்ள மேப்பிளில் கருப்புச் சாயத்தைத் தேய்த்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் மேற்பரப்பை வழித்துவிட்டு, மேலே தேன்நிறம் ஏற்றினால் ரேகை ஆழத்திலிருந்து எழுந்து வருவதுபோல் தோன்றும். அதைப் பெயின்ட்டால் ஒருபோதும் செய்ய முடியாது. சூட்டுக்கோலும் சாயமும் சந்திக்கும் இடத்தில்தான் இந்தக் கலையின் உச்சம் இருக்கிறது. சுட்ட கோடு ஒரு வரப்பு. நார் கருகி அடைபட்டு, கோடு சற்றே பள்ளமாகவும் இருப்பதால், வயலில் வரப்பு நீரைத் தடுப்பதுபோல அது சாயம் பக்கத்துக் கட்டத்துக்குக் கசியாமல் பெருமளவு தடுக்கிறது. சிக்குக் கோலத்தின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம் என்பது இப்படித்தான் சாத்தியமாகிறது. வரிசையும் முக்கியம்: ஈரத்துணியால் துடைத்து, எழும் பிசிறை உப்புத்தாளால் நீக்கி, பிறகு சுட்டு, அதன்பின்தான் சாயம். சாயத்தின் மேல் சுட்டால் வேதிப்பொருளின் புகை மூக்குக்கு வரும்.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் மறுப்பவர்கள் உண்டு. அவர்களின் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. மரமே அழகு, அதற்கு மேல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்கு நமக்கு நெருக்கமான ஒரு முகம் ஜப்பானிய அமெரிக்க மரக்கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா. 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில், கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்ட் விடுதியின் கட்டுமானத்தைக் கவனித்தவர் அவர். அங்கே ‘சுந்தரானந்தா’ என்ற பெயரும் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டு, 1943-இல் வெளிவந்து, நியூ ஜெர்சிக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார். பலகையின் இயல்பான ஓரத்தை வெட்டாமல் விட்டார். வெடிப்பை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பு வைத்துப் பிணைத்தார். மேற்குக் கரையில் பெர்க்லியின் கடைசல்காரர் பாப் ஸ்டாக்ஸ்டேலும் அதே மரபு: மெல்லிய கிண்ணம், அரிய மரம், ரேகையைத் தவிர வேறு அலங்காரமில்லை. இருவர் வேலையையும் பார்த்தபின் சாயம் ஒரு அத்துமீறல் என்றே தோன்றும்.

தோன்றுவது முழு உண்மையல்ல. அந்தத் தூய்மைக்கு வால்நட், கருங்காலி, வயதேறிய மரத்தின் அகன்ற பலகை ஆகியவை தேவை. நாற்பது டாலர் பைன் பலகையிடம் அந்த எளிமையைக் கேட்பது வசதியுள்ளவரின் அளவுகோலை வசதியற்றவர்மேல் சுமத்துவதாகும். பே ஏரியாவிலிருந்தே இதற்கு எதிர்க்குரல் வந்தது. ஓக்லாந்தின் கேரி நாக்ஸ் பென்னட் 1979-இல் படாக் மரத்தில் நேர்த்தியான ஒரு அலமாரி செய்து, அதன் முகத்தில் ஒரு ஆணியை வளைத்து அடித்தார். மரத்தைத் தெய்வமாக்கும் மனநிலைக்கு அது அவர் தந்த பதில். மரவேலைக்காரர்களின் பத்திரிகை உலகில் பெரும் கோபம் எழுந்தது. கலிஃபோர்னியாவின் மெரில் சேலன், கடைசல் கிண்ணங்களில் துணிந்து வண்ணம் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். நம் மரபைக் கேட்டால் இந்தச் சண்டையே அதற்குப் புரியாது. ஒரே வீட்டில் செம்மரத்தின் சொந்த நிறத்தோடு மரப்பாச்சியும் நின்றது. பக்கத்திலேயே அரக்கு ஏற்றிய அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும் இருந்தன. எந்த மரம் வாய்திறந்து பேசுமோ அதைப் பேசவிட்டார்கள். பேசாத மரத்துக்கு நிறம் கொடுத்தார்கள். கொலுவில் இரண்டுக்கும் இடமிருந்தது. அந்த விவேகத்தையே இன்றைய கராஜுக்கும் பரிந்துரைக்கிறேன்: வால்நட்டுக்குச் சாயம் வேண்டாம், பாப்லருக்குத் தாராளமாக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. புற ஊதாக்கதிரைத் தடுக்கும் வார்னிஷ் அடித்தால் சாயம் மங்காது, வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்பார்கள். வார்னிஷ் மங்கலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. சாயத்தை மங்கவைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. அந்த ஒளியை மறித்தால் நிறத்தையே பார்க்க முடியாது. டிரான்ஸ்டின்ட் போன்ற உலோகச் சேர்மச் சாயங்கள் சாதாரணத் துணிச்சாயத்தைவிட வெகுநாள் தாங்குகின்றன என்பது உண்மை. அவையும் மேற்குப் பார்த்த டெக்சாஸ் வாசலுக்கு ஆகாது. நியாயமாகப் பேசுவதென்றால் தீயின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆழச் சுட்ட கருப்பு, கரி, அது மங்காது. நிழல் காட்டுவதற்காக லேசாகச் சுட்ட இளம்பழுப்பு, முழுக்கக் கரியாகாத மரம். அது வெயிலில் வெளுக்கும். சுற்றியுள்ள பைன் வருடந்தோறும் மஞ்சளாகிக் கருப்பதால் மென்னிழல் இரட்டிப்பாகத் தொலைகிறது. முகம், மயில், யானை என்று நுணுக்கமான நிழல்களால் வரைபவர்கள் இதை அறிந்தே செய்ய வேண்டும். கோலத்துக்கும் எழுத்துக்கும் இந்தக் கவலையில்லை, அவை முழுக்க அழுத்தமான கோடுகளால் ஆனவை.

ஆக, கேள்வி எது நல்லது என்பதல்ல, எந்தப் பொருள் எத்தனை வெளிச்சம் பார்க்கும் என்பது. கொலுப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் பத்து நாள் வீட்டு விளக்கில் நிற்கிறது. மீதி நாளெல்லாம் கழற்றி, துணி சுற்றி, கராஜின் இருட்டில் கிடக்கிறது. சாயத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வாழ்க்கை கிடையாது. எத்தனை நிறம் வேண்டுமானாலும் ஏற்றலாம், பேரக்குழந்தைகள் காலம்வரை வரும். வாசல் பெயர்ப்பலகைக்கு ஆழச் சுட்ட எழுத்து மட்டும் போதும். கருப்பு நிறமே வேண்டுமென்றால் சாயப்புட்டி இல்லாமலும் வழி உண்டு. கருப்பூர்க் கலம்காரியில் கடுக்காயில் ஊறிய துணிமேல் இரும்புக் கரைசல் பட்டதும் கருப்பு பிறக்கிறது. வினிகரில் இரும்புநாரை ஊறவைத்து மரத்தைக் கருப்பாக்கும் அமெரிக்கத் தச்சரின் உத்தியும் அதே வேதியியல்தான். ஓக்கில் துவர்ப்புச் சத்து தானாகவே இருக்கிறது. மேப்பிளிலும் பைனிலும் குறைவு. இந்திய மளிகைக் கடையில் ஹரிதகி என்று விற்கும் கடுக்காய்ப் பொடியை நீரில் கரைத்து முதலில் பூசினால் அந்தக் குறை தீரும். இப்படிப் பிறக்கும் கருப்பு பெரும்பாலான செயற்கைச் சாயங்களைவிட வெளிச்சத்தைத் தாங்கும்.

லேசர் இயந்திரம் வந்தபின் கையால் சுடுவது எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஐம்பது பெயர்ப்பலகை வேண்டுமென்றால் லேசரே சரி. கையின் கோடு மரத்தின் ரேகையைப் பார்த்து அழுத்தத்தை மாற்றுகிறது. இயந்திரம் மரத்தைத் தாளாக நினைத்து ஓடுகிறது. ஒரே ஒரு கொலுப்படிக்கு முன்னதுதான் வேண்டும்.

சமரசத்துக்கு இடமே இல்லாத ஒரு விஷயம் உண்டு. மரத்தில் மின்னலின் வடிவைக் கிளைகிளையாகச் சுடும் ஃப்ராக்டல் பர்னிங் என்ற முறை. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி, சோடா உப்பு கரைத்த நீரில் நனைத்த பலகையில் ஏறத்தாழ 2,000 வோல்ட் மின்சாரத்தைப் பாய்ச்சுவது. அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்ச்சிகள் அனைத்திலும் இதைத் தடைசெய்திருக்கிறது. இதனால் இறந்தவர்கள் என்று அது பதிவு செய்தோர் 30-க்கும் மேல். 2022 ஏப்ரலில் விஸ்கான்சினில் ஓர் இணையர் இப்படித்தான் மாண்டார்கள். கவனமாகச் செய்தால் போகிறது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்த வோல்ட்டில் முதல் பிழையே கடைசிப் பிழை. அதோடு, அங்கே கோடு போடுவது கையல்ல. நூறு பலகையிலும் ஒரே மரக்கிளை வடிவந்தான். இத்தனை ஆபத்துக்கு ஈடாகக் கிடைக்கும் கலை மிக அற்பம். சாதாரணச் சூட்டுக்கோலிலும் புகையை அலட்சியம் செய்யக்கூடாது. எம்.டி.எஃப்., பிளைவுட்டின் பசை, பழைய டெக்கிலிருந்து பிரித்த பலகை ஆகியவற்றைச் சுடவே கூடாது. 2003 முடியும்வரை வீட்டு டெக்குகளுக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் இருந்தது. மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கிப் போட்டால், டெக்சாஸ் கோடையில் மட்டுமல்ல, எங்கேயும் அது தானே பற்றிக்கொள்ளக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

மங்கும் என்பதால் சாயத்தை விலக்கச் சொல்லவில்லை. வாசல் கோலமும் மாலைக்குள் கலைகிறது, மறுநாள் மீண்டும் போடுகிறோம். சாயத்தையும் அப்படிப் புதுப்பிக்கலாம், அடியில் கோடு அசையாமல் இருக்கும்வரை. அதற்கு வேண்டியது ஒரே ஒரு வேலைதான். பலகையைக் கவிழ்த்து, யார் கண்ணிலும் படாத அடிப்புறத்தில், என்ன மரம், எந்தச் சாயம், எந்த வார்னிஷ், எந்த ஆண்டு என்பதைச் சூட்டுக்கோலால் ஆழமாகத் தமிழில் எழுதி வையுங்கள்.