நோயின் பெயர் நோயாளிக்குத் தெரிய வேண்டாமா?

தமிழனுக்கு உடல் உண்டு. உடலுக்கு நோய் உண்டு. நோயுற்றவன் தமிழில்தான் முனகுகிறான், தமிழில்தான் அழுகிறான். ஆயினும் அவனுடைய நோயை விளக்கும் ஏடு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது! வலி நம்முடையது, விளக்கம் அயலாருடையது என்னும் இந்த நிலை நேற்று முளைத்ததன்று. இதனை மாற்ற இருவர் பெரும்பாடு பட்டனர். ஒருவர் அமெரிக்கர்; மற்றவர் தமிழர். இருவர் உழைப்பையும் எடையிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தார். மதம் பரப்ப வந்தவர்தாம் அவர். அதனை நாம் மறைக்கவுமில்லை, போற்றவுமில்லை. நாம் போற்றுவது அவர் செய்த வேறொரு செயலை. தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார் அவர். கற்பிக்க நூல் வேண்டுமே! மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், தமிழாக்குவித்தார். 1867-இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியன வந்தன. 1875-இல் ‘கெமிஸ்தம்’, 1883-இல் ‘மனுஷ சுகரணம்’. இவையன்றி, ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தரும் சொற்பட்டியல்களையும் தொகுத்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60-க்கு மேற்பட்டவர். அவர் 1884-இல் மறைந்தார்.

“தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா?” என்று இன்றும் கேட்போர் உளர். முடியும் என்பதற்குச் சான்று கேட்டால், நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய மானிப்பாயைச் சுட்டுவோம். 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்தி மொழியில் மருத்துவப் பட்டப்படிப்பு நூல்களை வெளியிட்டபோது, அதனை இந்திய நாட்டின் புதுமை என்று முழங்கினர். முழங்கியோர்க்கு மானிப்பாய் தெரியாது போனதில் வியப்பில்லை. நமக்கே தெரியாது போனதுதான் வெட்கம்!

இனிக் குறையையும் கூறுவோம். கிறீன் பாதையில் தமிழ் நடந்தது. ஆனால் வடமொழி மூட்டையைத் தலையில் சுமந்து நடந்தது. அவருடைய நூல் ஒன்றின் பெயரைப் பாருங்கள்: ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’! உடலின் அமைப்பும், இயக்கமும், நலம் காக்கும் வழியும் கூறும் எளிய நூலுக்கு இந்தப் பெயர். உழவன் இதனைக் கேட்டால் மந்திரம் ஓதுவதாக எண்ணி எழுந்து நின்றிருப்பான். குற்றம் அயல்நாட்டாருடையது என்று நாம் கூற மாட்டோம். கற்றறிந்த தமிழரே அன்று அறிவு நூலுக்கு வடமொழிச் சொல்லே தகும் என்று நம்பியிருந்தனர்.

அந்த நம்பிக்கை எளிதில் சாகவில்லை. 1940-இல் சென்னை அரசு கலைச்சொல்லாக்கத்துக்காகச் சீனிவாச சாத்திரியார் தலைமையில் குழு அமைத்தபோதும், அக்குழு வடமொழிச் சார்புடையதெனத் தமிழறிஞர்கள் எதிர்த்தெழ நேர்ந்தது. அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. பிரசவ வைத்தியம் மகப்பேறு மருத்துவம் ஆயிற்று. இரண வைத்தியம் அறுவை மருத்துவம் ஆயிற்று. நுரையீரல், மண்ணீரல், சிறுகுடல், கருப்பை, முதுகெலும்பு என்று உடலுக்குள்ளேயே வாழ்ந்த நம் சொற்கள் நூலுக்குள்ளும் குடியேறின.

அடுத்து, தி. வி. சாம்பசிவம் பிள்ளை. காவல்துறையில் பணியாற்றியவர், தமிழ் மருத்துவச் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்தவர். அவருடைய தமிழ் – ஆங்கில மருத்துவ அகராதியின் முதல் தொகுதி 1931-இலும், இரண்டாம் தொகுதி 1938-இலும் வெளிவந்தன. 1953-இல் அவர் மறைந்தார். எஞ்சிய தொகுதிகள் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறின. உடலுறுப்பு, நோய், மூலிகை, தாதுப்பொருள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயரைத் தலைச்சொல்லாக நிறுத்தி, பொருளை ஆங்கிலத்தில் விரித்தெழுதினார்.

ஏன் ஆங்கிலத்தில்? அந்நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டு மருத்துவம் அறிவுத்துறையா என்பதை ஆராய 1921-இல் சென்னை அரசு உஸ்மான் குழுவை அமைத்தது. 1925-இல் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆங்கிலம் கற்றோர் அவையில் தமிழ் மருத்துவம் கூண்டில் நின்ற காலம் அது. சாட்சியை நீதிபதியின் மொழியில் எழுதித் தந்தார் பிள்ளை. அவர் நோக்கத்தை நாம் குறைகூறோம். ஆனால் விளைவு என்ன? தமிழ்ச்சொல்லின் பொருளைத் தமிழன் அறிய, ஆங்கிலம் கற்றுவர வேண்டியதாயிற்று! தன் வீட்டுக்குள் நுழைய அயலான் வீட்டுச் சாவியை இரவல் கேட்கும் நிலை இது.

மற்றொன்றும் கூற வேண்டும். நோயாளியைக் கண்டு, தொட்டு, ஆய்ந்து அமைந்த சொற்களும் அவ்வகராதியில் உண்டு. இரசவாதமும் காயகற்பமும் பேசும் சொற்களும் உண்டு. அகராதி அனைத்தையும் பதிவு செய்வது முறையே. பதிவு செய்ததனாலேயே அவை உண்மையாகிவிடா. சல்லடை படிப்பவன் கையில் இருக்க வேண்டும். சொல்லைக் காப்போம், சொல்லோடு ஒட்டிய மடமையைக் களைவோம் என்பதே பகுத்தறிவாளன் அகராதி படிக்கும் முறை.

ஏனெனில், பெயரில் ஒளிந்த மடமை உயிரைக் குடிக்கும். வைசூரிக்கு ‘அம்மை’ என்று பெயரிட்டோம். நோய் தெய்வமாயிற்று, தெய்வத்துக்கு மருந்தேது? வேப்பிலை கட்டி வீட்டுக்குள் கிடத்தினோம். அந்தத் ‘தெய்வத்தை’ உலகை விட்டே விரட்டியது அம்மைகுத்தும் ஊசி. இந்தியாவில் கடைசி நோயாளி 1975-இல் காணப்பட்டார். 1980-இல் உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாதவிடாயைத் ‘தீட்டு’ என்றோம். பெண்ணின் உடலே குற்றவாளி ஆயிற்று. பிள்ளைப்பேறு இல்லாத வீட்டில் ‘மலடி’ என்ற சொல் உண்டு. குறை ஆணிடத்தும் இருக்கலாம் என்று மருத்துவம் கூறியும், அந்தப் பழிச்சொல்லின் குறி பெண்ணையே தேடுகிறது!

இவை பழங்கதை என்று தள்ள வேண்டா. இன்று கள்ளிக்குப்பம் தெருக்களில் நடந்து பாருங்கள். 1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை அண்டி வளர்ந்த பகுதி. 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் அடங்கியது. அங்கே உழைப்பாளி தன் நோயை ‘பிரஷர்’ என்கிறான், இல்லையேல் ‘இரத்தக் கொதிப்பு’ என்கிறான். முதற்சொல் அவனுக்கு எதையும் விளக்கவில்லை; இரண்டாவது தவறாக விளக்குகிறது. கொதிப்பு என்றால் சூடு, சினம் என்று நினைக்கிறான். உடம்பு சூடாக இல்லை, தலைசுற்றல் இல்லை, ஆகவே நோய் தீர்ந்ததென மாத்திரையை நிறுத்துகிறான். குழாய்க்குள் அழுத்தம் ஏறியிருப்பது வெளியே தெரியாது; ஒருநாள் மூளையில் குழாய் வெடித்துக் கை கால் விழும்போதுதான் தெரிகிறது. ‘உயர் இரத்த அழுத்தம்’ என்ற சொல்லையும், அதன் பொருளையும் இரண்டே மணித்துளியில் ஒருவர் எடுத்துரைத்திருந்தால் அந்தக் கை விழாமல் இருந்திருக்கலாம். நெஞ்சடைப்பை ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணி, இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருந்து மாண்டவர் எத்தனை பேர்!

ஆகவே, நாம் தமிழ்ச்சொல் கேட்பது பெருமைக்காக மட்டுமன்று, பிழைப்பதற்காக. இதனாலேயே நம்மவர் சிலரிடத்தும் ஒன்று கூறுவோம். எவருக்கும் விளங்காத தனித்தமிழ்ச் சொல்லைப் படைத்து ஏட்டில் பூட்டி வைப்பதும் ‘அங்காதிபாத’ வேலைதான். இன்சுலின் இன்சுலினாகவே இருக்கட்டும், எக்ஸ்ரே எக்ஸ்ரேயாகவே இருக்கட்டும். அது எதற்கு, எப்படி என்ற விளக்கம் தமிழில் வரட்டும். சொல்லுக்குத் தேர்வு ஒன்றே: அறுவைக்கு ஒப்புதல் தரும் தாய், தான் எதற்குக் கையெழுத்திடுகிறாள் என்று அறிந்தாளா?

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. மருந்து வீடு தேடி வருகிறது, மகிழ்ச்சி. மருந்தோடு சொல்லும் வீடு தேடி வர வேண்டும். தமிழருக்கு மட்டுமா? தொழிற்பேட்டைகளில் இந்தியும் ஒடியாவும் பேசும் தோழர்கள் நம்மோடு உழைக்கின்றனர். 1992-இல்தான் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற மணிப்புரி போன்ற மொழிகளைப் பேசுவோரும் இந்நாட்டில் உளர். அவர்கள் மொழியின் உடற்சொற்களுக்கும் ஆங்கிலத்தில்தான் பொருள் தேட வேண்டுமெனில், நம் வழக்கும் அவர்கள் வழக்கும் ஒன்றே. நாம் கேட்கும் உரிமையை அவர்க்கு மறுத்தால் நாம் பேசுவது பகுத்தறிவாகாது.

இளைஞர்களே! கிறீன் ஒருவர், பிள்ளை ஒருவர், நீங்களோ பல்லாயிரவர். படிப்பகத்தின் முன்னே ஒரு கரும்பலகை போதும். நாளுக்கு ஒரு நோய், அதன் தமிழ்ப்பெயர், மூன்று வரி விளக்கம். எழுதுமுன் மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். மருத்துவமனைக்குப் பெரியவரை அழைத்துச் செல்லும்போது, “இதனைத் தமிழில் சொல்லுங்கள், ஐயா” என்று பணிவோடு, ஆனால் விடாமல் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் சொல்பவரும் பெருகுவர். அடுத்த அகராதியை எழுதப்போகும் மருத்துவர், அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியவராகவே இருப்பார்.