பெயர் இழந்த தூரிகை

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சீனத்துக் காண்டன் துறைமுகத்தில் மேனாட்டு வணிகர்க்கென்றே ஓவியம் எழுதிக் கொடுத்த கடைகள் பல இருந்தன. துறைமுகக் காட்சி, பட்டுத் தொழில், தேயிலைத் தொழில், பூ, பறவை என அவர்கள் எழுதியவை கப்பலேறி ஐரோப்பா சென்றன. அவற்றுட் பல இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ளன. 'ஏற்றுமதி ஓவியம்' என்பது அவற்றுக்கு அறிஞர் இட்ட பெயர். அது சரக்குக்கு இடும் பெயரேயன்றிக் கலைக்கு இடும் பெயரன்று. அவற்றை எழுதியோருட் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

ஜொகூரில் வாழும் நமக்கு இவ்வினத்தோடு நெருங்கிய உறவுடைய ஓவியங்கள் அண்டையிலேயே உள்ளன. 1803 முதல் 1818 வரை மலாக்காவை ஆண்ட ஆங்கில அதிகாரி வில்லியம் ஃபார்குவார், இந்நாட்டுச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் சீன ஓவியரைக் கொண்டு எழுதுவித்தார். 1819இல் அவர் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டு ஆனார். அத்தீவு அக்காலத்தில் ஜொகூர் அரசைச் சேர்ந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 477 ஓவியங்களை அவர் 1827இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்துக்கு அளித்தார். 1993இல் அவை ஏலத்துக்கு வந்தபோது, சிங்கப்பூர்ச் செல்வர் கோ கியோக் கிம் வாங்கித் தம் நாட்டு அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். இவை கடையில் விற்பனைக்கு வைத்தவை அல்ல. ஒருவர் வேண்ட எழுதியவை. எனினும் எழுதியவர் பெயர் மறைந்ததில் இரண்டும் ஒன்றே.

ஓவியங்களின் தரம் யாது? செடியின் உறுப்புகளை மேனாட்டு இயற்கை நூலார் விரும்பும் துல்லியத்தோடு காட்டுகிறார் ஓவியர். பின்னணியில் பாறையும் குன்றும் வரும்போதோ, கை சீன மரபுக்கே திரும்புகிறது. சில படங்களில் விலங்குக்கும் நிலத்துக்கும் அளவு பொருந்தவில்லை, குறையை மறைப்பதற்கில்லை. ஆயினும் இரு மரபுகளை ஒரு தாளில் இணைத்த கை எளிய கையன்று.

இத்தொகுதிக்கு வழங்கும் பெயர் 'ஃபார்குவார் தொகுப்பு' என்பதே. பொருள் தந்து எழுதுவித்தவரை நினைத்தல் முறைதான். புரவலரைப் போற்றுதல் நம் மரபுக்கும் புதிதன்று. ஆனால் புரவலர் பெயர் நிற்க, படைத்தவன் பெயர் முற்றும் மறைவது நேரிதோ?

நம் தொகைநூல்கள் இதற்கு வழி காட்டுகின்றன. குறுந்தொகையில் ஒரு புலவரின் இயற்பெயர் தெரியாதபோது, அவர் ஆண்ட உவமையையே பெயராக்கிச் 'செம்புலப்பெயனீரார்' என வழங்கினர். நற்றிணையில் 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' பெற்றதும் அவ்வாறே. பாட்டைப் பாடிய புலவருக்குப் பாட்டே பெயர் தந்தது. ஊரும் குலமும் தெரியாதவரை 'யாரோ ஒருவர்' என்று விட்டுவிட அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அம்முறையை அருங்காட்சியகங்களும் மேற்கொள்ளலாம். நம் எண்டாவ் ரொம்பின் காட்டில் இன்றும் திரியும் தாப்பிரும் அத்தொகுதியில் இடம் பெற்றுள்ளது. அதனை எழுதியவர் யாரென்று அறியோம். 'அறியப்படாத சீனர்' என்பதினும் 'தாப்பிர் எழுதினார்' என்பது அவருக்குப் பெருமை தரும். ஒரே கையின் பிற படங்களைத் தேடவும் ஆய்வாளரைத் தூண்டும்.

தமிழாசிரியர்கள் செம்புலப்பெயனீரார் பாட்டை நடத்தும் நாளில், மலாக்காவின் இவ்வோவியரையும் மாணவர்க்கு ஒரு சொல் கூறுவார்களாக. படைப்பைக் காத்தவர்க்கு நன்றி உரியது. படைத்தவர்க்குப் பெயர் உரியது.