குன்றும் கயிறும்

பிரிட்டிஷ் விஞ்ஞானி வாடிங்டன் 1957-ல் வெளியிட்ட ‘தி ஸ்ட்ராட்டஜி ஆஃப் தி ஜீன்ஸ்’ என்ற நூலில் இரண்டு படங்கள் இருக்கின்றன. நூலைப் படித்தவர்கள் குறைவு. முதல் படத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். ஒரு குன்றின் சரிவு. உச்சியில் ஒரு பந்து. கீழே கிளை கிளையாகப் பிரியும் பள்ளங்கள். பந்து எந்தப் பள்ளத்தில் உருள்கிறதோ, அதற்கேற்ப அந்த உயிரணு நரம்பாகிறது, தசையாகிறது, தோலாகிறது. ஜீன்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். போகிற வழிதான் வேறு.

படம் அழகானது. கதை எழுதுகிறவனுக்கு இதன் மீது பொறாமைகூட வரும். ஆனால் உவமை அழகாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. இங்கே குன்று அசையாமல் நிற்கிறது. பந்து மட்டும் விழுகிறது. நம்முடைய ‘தலையெழுத்து’க்கு இதைவிட நல்ல சித்திரம் கிடைக்காது. விழுந்த பந்து மேலே ஏறாது என்றும் தோன்றுகிறது. ஏறும். 2006-ல் ஜப்பானில் தகஹாஷியும் யமனாக்காவும் நான்கே ஜீன்களைக் கொண்டு, முதிர்ந்த எலியணுவை ஏறக்குறைய உச்சிக்கே ஏற்றிக் காட்டினார்கள்.

இரண்டாவது படத்தைத்தான் நான் மேலானதாக மதிக்கிறேன். அதில் ஆசிரியர் நம்மைக் குன்றுக்கு அடியில் அழைத்துப் போகிறார். அது கல் அல்ல, கூடாரத் துணி! தரையில் அடித்த முளைகள் ஜீன்கள். அவற்றிலிருந்து போகும் கயிறுகள் துணியை இழுத்துப் பிடிக்கின்றன. மேடும் பள்ளமும் அந்த இழுப்பின் விளைவு.

கயிறுகள் எவை என்று அன்று தெரியாது. இன்று சில தெரியும். மனித அணு ஒன்றில் டி.என்.ஏ. இழை சுமார் 2 மீட்டர். அது அடங்கியிருக்கும் உட்கருவின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. கொஹீஸின் என்னும் வளையம் போன்ற புரதக் கூட்டு இழையை இழுத்து மடிக்கிறது, சி.டி.சி.எஃப். என்ற புரதம் பற்றியிருக்கும் இடங்களில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இப்படி அறை அறையாகத் தடுப்புகள் உண்டாகின்றன. ஓர் அறையில் இடும் கட்டளை அடுத்த அறையிலுள்ள ஜீனுக்கு அநேகமாகக் கேட்பதில்லை. இந்தப் புரதங்களும் ஜீன்களிலிருந்தே பிறப்பவை; ஆகவே முளையிலிருந்து கயிறு என்ற கற்பனை வீண்போகவில்லை.

தடுப்பு போய்விட்டால்? சில குடும்பங்களில் விரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ கூடுதலாகவோ அமைவதற்குக் காரணத்தை பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். தவறாக இயங்கிய ஜீனில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. பக்கத்துச் சுவர்தான் போயிருந்தது, அல்லது இடம் மாறியிருந்தது. அயல் அறைக் கட்டளை இதன் காதில் விழுந்துவிட்டது. எலிகளிலும் சோதித்தார்கள், துண்டை நீக்கும்போது சுவரை மட்டும் விட்டுவைத்தால் கோளாறு தோன்றவில்லை.

இதனால் விதி ஒழிந்தது என்று யாரும் குதிக்க வேண்டாம். அந்தக் குழந்தைகளுக்கு அது பிறவியிலேயே வந்ததுதான். மனத்திடத்தால் ஜீன்களை மாற்றலாம் என்று எழுதுகிறவர்களை நான் நம்பத் தயாராயில்லை. ஆனால் எழுத்து வேறு, எழுத்தைத் திறந்தும் மூடியும் வைக்கிற ஏற்பாடு வேறு. முதல் படம் நம்மைக் குன்றின் முன் கைகட்டி நிற்க வைக்கிறது. இரண்டாவது படம் குனிந்து பார்க்கச் சொல்கிறது. குனிந்து பார்த்தவன் ஒரு தாயிடம், “உன் தலையெழுத்து” என்று சொல்ல மாட்டான். இன்ன இடத்தில் இன்ன கயிறு அறுந்தது என்று சொல்வான். அது ஆறுதலாகாது. ஆனால் அவள் மேலிருந்த பழி போகும்.