வளைவில் சிக்கிய அழகு

நியூயார்க் நகரின் சுரங்க ரயில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. அதன் மணிமுடியாக விளங்கியது நகர மன்ற நிலையம். ஓடு பதித்த வில்வளைவுக் கூரை, பகலொளி புகும் கண்ணாடிகள், பித்தளைச் சரவிளக்குகள் ஆகிய யாவும் கண்டார் வியக்கும் வேலைப்பாடுகளே.

ஆயினும் மேடை ஒன்றே, அதுவும் குட்டையானது, வண்டி திரும்பும் வளையத்தில் கடுமையாக வளைந்தது. பிற்காலத்தில் வண்டிகள் நீண்டன. பெட்டிகளின் நடுவிலும் கதவுகள் வந்தன. மேடைக்கும் கதவுக்கும் இடையே ஆபத்தான இடைவெளி தோன்றியது. அருகே புரூக்ளின் பாலம் நிலையம் இருந்தமையால் பயணிகளும் குறைந்தனர். 1945 டிசம்பர் 31-இல் நிலையம் மூடப்பட்டது.

குறை கலைஞரின் கைத்திறனில் இல்லை. நாளைய தேவையை எண்ணாத அமைப்பில் உள்ளது. நிலையம் முதலில் மக்கள் ஏறி இறங்கும் இடம். காட்சிக்கூடம் என்பது பின்னரே. நிலத்தடியில் நிலையம் எழுப்புவோர் இதனை மறத்தல் தகுமோ?