பேராதனையில் பூவைத் தேடாதீர்கள்

பேராதனைப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் ஆர்க்கிட் கூடத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆர்க்கிட் பூக்கடையிலும் கிடைக்கும். இங்கே பார்க்க வேண்டியவை மரங்கள். 147 ஏக்கரையும் ஒரே நடையில் முடிக்கப் பார்க்காமல், நாலைந்து மரங்களைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் கால்மணி நேரமாவது நில்லுங்கள்.

முதலில் நிலம். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் இந்த வளைவை அரச தோட்டமாக்கினான். கண்டி வெள்ளைக்காரர் கைக்குப் போனபின், 1821இல் அலெக்சாண்டர் மூன் இங்கே தாவரவியல் தோட்டம் தொடங்கினார். அவர் முக்கியமாக நட்டவை கோப்பியும் கறுவாவும். வியாபாரக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. வாசனைத் திரவியத் தோட்டத்தில் அந்தக் கணக்கை இன்றும் மோந்து பார்க்கலாம். வெடித்த சாதிக்காய்க்குள் சிவப்பாகப் பின்னிக் கிடக்கும் சாதிபத்திரியைக் கவனியுங்கள்.

பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1901இல் நட்ட நாகலிங்க மரம் இன்னும் நிற்கிறது. சிவன் கோயிலுக்கே உரியதென்று நாம் நினைக்கும் இந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா! கிளை நுனிகளைத் தேட வேண்டாம், பூவும் காயும் அடிமரத்திலேயே தொங்கும். பூவின் அருகே மூக்கைக் கொண்டுபோகலாம். விழுந்து உடைந்த காயிடம் மட்டும் வேண்டாம்.

என் கணக்கில் முதலிடம் சீஷெல்ஸிலிருந்து வந்த இரட்டைத் தேங்காய்க்குத்தான். உலகத்திலேயே பெரிய விதை. காய் முற்ற ஆறேழு ஆண்டாகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனையும் பெண் பனையும் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதில் புதுமையில்லை; விசிறி ஓலையைக் கண்டதுமே சொந்தம் பிடிபட்டுவிடும். காய் தேடி ஆண் மரத்தடியில் நின்று ஏமாறுகிறவர்கள் மற்றவர்கள்தான்.

பெரும் புல்வெளியில் ஜாவா அத்தியை முதலில் தூரத்தில் நின்று பாருங்கள்: விரித்த குடை. பிறகு உள்ளே போய் வேர்களைப் பாருங்கள். ஆற்றங்கரை இராட்சத மூங்கிலுக்கு மழைக்காலமே நல்லது, குருத்து ஒரே நாளில் ஓரடி வரை வளரும்.

பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் கூட்டமாகத் தொங்கும் மரங்களும் உண்டு. அவற்றின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது.